பதினொருவர் கூடிய சபை: ஓவியர் இரவிவர்மாவின் வாழ்வும் இசைச் சித்திரங்களும்

தமிழகத்தில் கலைமகள் படம் இல்லாத இல்லங்கள் குறைவு. வெண்ணிற ஆடை உடுத்திப் பாறையொன்றின் மீது அமர்ந்து, மடியில் வீணை தாங்கி, அருகில் மயில் நிற்கக் காட்சி தரும் அத்திருவுருவம் பள்ளிக்கூடத்துச் சுவரிலும், அச்சகத்தின் முகப்பிலும், இசை பயிலும் கூடத்திலும், நவராத்திரிப் பூசையறையிலும் இடம் பெற்றிருக்கிறது. அது தொன்றுதொட்டு வருகின்ற வடிவம் என்றே பலரும் கருதுவர். ஆயின், ஸ்ரீமுஷ்ணத்திற்கு அணித்தாக உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துச் சிற்பி செதுக்கிய ஞானசரசுவதியைக் கண்டவர்கள் ஒன்றை உணர்வார்கள். அத்தேவியின் மடியில் வீணை இல்லை. அவள் ஞானத்தின் வடிவாக அமர்ந்திருக்கிறாளே அன்றி, இசை மீட்டுபவளாக அமர்ந்திருக்கவில்லை. வீணை ஏந்திய கலைமகள் மரபில் முன்பே உண்டு எனினும், அவ்வடிவத்தை இல்லந்தோறும் கொண்டு சேர்த்து, கலைமகள் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றும் முகமாக ஆக்கியவர் கிளிமானூர் இரவிவர்மா ஆவார்.

அந்தக் கலைமகளைத் தீட்டுவதற்கு முன்பே அவர் மண்ணுலகப் பெண்கள் பலரை இசைக்கருவிகளோடு தீட்டினார். 1874இல் ஒரு தமிழ்ப் பெண், 1889இல் பதினொரு பெண்கள் கூடிய ஓர் இசைச் சபை, 1896இல் கலைமகள். இம்மூன்று படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அவருடைய கலைவாழ்வின் போக்கும், அக்காலச் சமுதாயம் இசைவாணிகளை நடத்திய முறையும் ஒருங்கே புலப்படும்.

பிறப்பும் பயிற்சியும்

இரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்த கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். அது திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு மணவுறவு கொண்ட குடி. தந்தையார் எழுமாவில் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழி வல்லுநர். தாயார் உமயாம்பா தம்புராட்டி கவி பாடும் ஆற்றல் பெற்றவர். பார்வதி சுயம்வரக் கதையைத் துள்ளல் பாட்டாக இயற்றியவர். தங்கை மங்களாபாயும் தம்பி இராஜராஜவர்மாவும் ஓவியத்தில் தேர்ந்தவர்களாக விளங்கினர். பாட்டும் புராணமும் அன்றாடப் பேச்சாக இருந்த வீட்டில் வளர்ந்த சிறுவன், அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் விலங்குகளையும் மனிதர்களையும் வரைந்து தள்ளினான் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் அனைவரும் கூறும் செய்தி.

அச்சிறுவனின் திறமையை முதலில் உணர்ந்தவர் தாய்மாமன் இராஜராஜவர்மா. அவர் தாமும் ஓவியர். சுவாதித் திருநாள் மன்னரின் அவையில் இருந்த அழகிரி நாயுடு என்னும் தஞ்சை மரபு ஓவியரிடம் பயின்றவர். எனவே இரவிவர்மாவின் முதற்பாடம் தஞ்சாவூர்ப் பாணியிலேயே அமைந்தது எனலாம். பலகையின் மேல் சுதை பூசி, பொன்தகடு பதித்து, கண்ணாடிக் கற்கள் இழைத்து, தெய்வத்தை நேர்முகமாக நிறுத்தும் மரபு அது. பிற்காலத்தில் இரவிவர்மா பொன்தகட்டைக் கைவிட்டார். ஆயினும் பட்டுச் சரிகையிலும் பொன்னணியிலும் ஒளி பட்டுத் தெறிப்பதைத் தூரிகையால் காட்டுவதில் அவருக்கு இருந்த தீராத வேட்கை, அந்தத் தஞ்சைப் பாடத்தின் எச்சமே. தகட்டால் ஒட்டிய பொன்னை அவர் தைலவண்ணத்தின் ஒளியால் தீட்டிக் காட்டினார்.

1862இல், பதினான்காம் வயதில், மாமனோடு திருவனந்தபுரம் சென்று ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆதரவைப் பெற்றார். அரண்மனையில் தைலவண்ண ஓவியம் அறிந்தவராக இருந்தவர் இராமசாமி நாயுடு. அவர் தம் தொழில் நுட்பத்தை அரச குடும்பத்து இளைஞனுக்குக் கற்பிக்க மனம் கொள்ளவில்லை. அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை, ஆசிரியர் அறியாமல் வந்து வண்ணம் கலக்கும் முறையைச் சொல்லித் தந்தார் என்பர். 1868இல் திருவிதாங்கூர் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் கற்பிக்க இசையவில்லை; தாம் வரையும்போது அருகில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். ஆக, முறையான ஆசிரியர் எவரும் இன்றி, பார்த்தும் முயன்றும் தவறியும் மீண்டும் முயன்றும் அவர் கற்றார். அவருக்கு வழிகாட்டிய தமிழர் ஆறுமுகம் பிள்ளையின் பெயர் அவர் வரலாற்றில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் பெறவில்லை. பெயர் மறைவது என்பது இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் செய்தி.

1866இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பகீரதி பாயை மணந்தார். 1870இல் மூகாம்பிகைத் திருத்தலத்திற்குச் சென்று வழிபட்டு, ஓவியத்தையே தொழிலாகக் கொள்ளும் உறுதியோடு திரும்பினார். திரும்பும் வழியில் கோழிக்கோட்டு நீதிபதி கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனனின் குடும்பப் படத்தைத் தீட்டி ஊதியம் பெற்றார். அரச குடியினர் கைத்தொழிலால் பொருள் ஈட்டுவதை இழிவெனக் கருதிய காலம் அது. அதைப் பொருட்படுத்தாமல் ஓவியத்திற்கு விலை பெற்றுக்கொண்டமை, அவர் வாழ்வின் முதல் துணிவு எனக் கூறலாம்.

ஸ்வரபத் வாசித்த தமிழ்ப் பெண்

1873இல் சென்னையில் நடைபெற்ற ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் பெண்ணின் படத்திற்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவ்வாண்டே வியன்னா உலகக் கண்காட்சியிலும் அது சிறப்புப் பெற்றது. அடுத்த ஆண்டு சென்னைக்கு அவர் அனுப்பிய படம், ஸ்வரபத் வாசிக்கும் தமிழ்ப் பெண். அதுவும் தங்கப் பதக்கம் பெற்றது. 1875-76இல் இந்தியாவிற்கு வருகை தந்த வேல்ஸ் இளவரசருக்குத் திருவிதாங்கூர் மன்னர் அளித்த பரிசுகளுள் அதுவும் ஒன்றாயிற்று.

ஸ்வரபத் என்பது மடியில் வைத்து மீட்டும் நரம்புக் கருவி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னக அரசவைகளில் வழங்கிய அது, பின்னர் மேடைகளில் காணக் கிடைக்காத அளவிற்கு அருகிவிட்டது. இன்று அக்கருவியை எவ்வாறு ஏந்துவர் என்று அறிய விழைவோர்க்கு இரவிவர்மாவின் படமே ஒரு சான்றாக நிற்கிறது. ஒலி மறைந்த பின்னும் உருவம் எஞ்சியது. ஆயின் அப்பெண் யார்? எந்த ஊரினள்? அவளுக்குக் கருவி பயிற்றுவித்தவர் எவர்? படத்தின் தலைப்பு இவற்றுள் எதையும் சொல்லவில்லை. தமிழ்ப் பெண் என்ற அளவோடு அது நின்றுவிடுகிறது. கருவிக்குப் பெயர் உண்டு. அதை மீட்டும் விரல்களுக்கு உரியவளுக்குப் பெயர் இல்லை.

மைசூர்ச் சபை

பரோடாவில் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ் கும்பகோணத்தில் பிறந்தவர். முன்னர்த் திருவிதாங்கூரில் திவானாக இருந்து இரவிவர்மாவை இளமை முதல் அறிந்தவர். அவர் வாயிலாகப் பரோடா அரசவையின் அழைப்பு வந்தது. 1881இல் தொடங்கிய அத்தொடர்பு, பின்னர்ப் புராணக் காட்சிகள் பதினான்கைத் தீட்டும் பெரும்பணியாக வளர்ந்தது. 1885இல் மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையாரின் அழைப்பும் வந்தது. பரோடாப் படங்களுக்காக இரவிவர்மாவும் தம்பி இராஜராஜவர்மாவும் நாட்டின் பல பகுதிகளுக்குப் பயணம் செய்தனர். சகுந்தலையும் தமயந்தியும் எவ்வாறு உடுத்தியிருப்பர் என்பது அவர்கள் தேடிய விடை. இந்தியப் பெண்டிர் அனைவர்க்கும் பொதுவான உடை என ஒன்று எங்கும் கிடைக்கவில்லை. ஊருக்கு ஊர் சேலையின் கட்டு மாறியது. கொண்டையும் அணியும் மாறின.

அத்தேடலின் மற்றொரு கனியாக 1889இல் உருவானது மைசூர் மன்னருக்காகத் தீட்டப்பெற்ற இசைவாணியர் குழாம். மைசூர் ஜகன்மோகன அரண்மனைக் கலைக்கூடத்தில் அது இடம் பெற்றுள்ளது. பதினொரு பெண்கள் நெருக்கமாகக் கூடியிருக்கின்றனர். வெள்ளாடை உடுத்த நாயர் பெண் வீணை மீட்டுகிறாள். இஸ்லாமிய அரசவைகளின் ஆடல் மரபிற்குரிய உடையில் ஒருத்தி. பூவேலைப்பாடு அமைந்த பார்சிச் சேலையில் ஒருத்தி. தொப்பியும் விசிறியுமாக ஐரோப்பிய உடையில் ஒருத்தி. மராட்டியக் கட்டிலும் தென்னகக் கட்டிலும் பிறர். ஆடவர் எவரும் இல்லை. அவர்களுக்கு எதிரே அமர்ந்து கேட்போரும் இல்லை. படத்தைக் காண்பவரே அச்சபையின் சுவைஞர்.

இத்தகைய இசைக்கூட்டத்தைத் தனி ஓவிய வகையாக வளர்த்தவர்கள் பிரெஞ்சு நாட்டினர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரொக்கோக்கோ எனப் பெயர் பெற்ற மென்னயப் பாணியில், அந்துவான் வாத்தோ சோலைகளிலும் மாடங்களிலும் கூடிப் பாடிக் களிக்கும் சீமான்களையும் சீமாட்டிகளையும் தீட்டினார். 1684இல் பிறந்து 1721இலேயே மறைந்த அவர், இவ்வகைப் படத்தாலேயே 1717இல் பிரெஞ்சுக் கலைக்கழகத்தில் உறுப்பினரானார். இலண்டன் வாலஸ் தொகுப்பில் உள்ள அவருடைய படமொன்றில், நடுவில் நிற்பவன் நீண்ட கழுத்துடைய யாழ்வகைக் கருவி ஒன்றிற்குச் சுருதி கூட்டிக்கொண்டிருக்கிறான். பாட்டு இன்னும் தொடங்கவில்லை. சுற்றியிருப்போர் தத்தம் உரையாடலில் ஆழ்ந்துள்ளனர். இன்பம் வருவதற்கு முன்னுள்ள காத்திருப்பும், அது நிலைக்காது என்னும் மெல்லிய துயரமும் அங்கே கலந்து நிற்கின்றன.

வாத்தோவின் மாந்தர் ஒரே சமூகத்தினர், ஒருவரையொருவர் அறிந்தவர், ஓய்வும் செல்வமும் அவர்களை ஒன்றுகூட்டின. இரவிவர்மாவின் பதினொருவரோ 1889ஆம் ஆண்டு இந்தியாவில் எந்த மண்டபத்திலும் அருகருகே அமர்ந்திருக்க இயலாதவர்கள். சாதியும் சமயமும் மொழியும் அவர்களைப் பிரித்தன. அரசவைப் பாடகியும் உயர்குடி மனைவியும் ஒரே கம்பளத்தில் அமர்வதை அக்காலம் ஒப்பாது. அவர்களுடைய இசைகளும் வேறு. ஒரு சுருதியில் அடங்காதவை. எனவே அச்சபையில் எழும் பாட்டு எப்படி ஒலித்திருக்கும் என்று கேட்டால் விடை இல்லை. காதால் கேட்க முடியாத ஒத்திசைவைக் கண்ணால் காணச் செய்ததே ஓவியரின் கற்பனை. இந்திய தேசியக் காங்கிரஸ் தோன்றி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த வேளையில், பல வகைப் பெண்களை ஒரு சட்டத்திற்குள் அமர்த்திய அப்படத்தை, நாடு என்ற எண்ணத்தின் தொடக்க காலச் சித்திரங்களுள் ஒன்றாக ஆய்வாளர்கள் காண்பது பொருத்தமே.

ஸ்ரீமுஷ்ணத்தார்க்கு இத்தகைய கூட்டம் முற்றிலும் அயலானதன்று. மாசி மகத்தன்று பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, அவ்வூர் இஸ்லாமியப் பெருமக்கள் எதிர்கொண்டு மரியாதை செய்யும் வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்கிறது. கற்பனையில் மட்டுமே இயலும் என்று மைசூர்ப் படத்தைக் குறித்துச் சொல்லப்படுவதன் ஒரு சிறு கூறு, இங்கே ஆண்டுதோறும் தெருவில் நடந்தேறுகிறது. ஒரு வேறுபாடு உண்டு. கிள்ளையில் கூடுவோர் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அண்டை அயலார். மைசூர்ச் சபையில் எவர்க்கும் பெயர் இல்லை. உடையே அவர்களின் பெயர்.

பெயர் பொறித்த கல்லும் பெயர் இழந்த திரையும்

தமிழ் மண்ணில் இசைவாணியரின் பெயரைப் போற்றும் மரபு இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டிர் நானூறு பேரின் பெயர்கள், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தனர், எந்தச் சிறகில் எந்த வீட்டில் குடியிருந்தனர் என்ற விவரத்தோடு கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அதே கோயிலின் உட்சுற்றில் ஆடலும் இசையும் கூடிய சோழர் காலச் சுவரோவியங்களும் உண்டு. நாயக்கர் காலப் பூச்சின் கீழ் மறைந்திருந்த அவை 1931இல்தான் வெளிப்பட்டன. இரவிவர்மா அவற்றைக் கண்டதில்லை. கண்டிருந்தால் அவர் தூரிகை வேறு திசையில் சென்றிருக்குமோ என எண்ணுவது வீண். ஆனால் கல்வெட்டின் நெறி சிந்திக்கத்தக்கது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு, பாடி ஆடிய பெண்களை ஒவ்வொருவராக எண்ணிப் பெயர் எழுதிப் பங்கு வழங்கியது.

இரவிவர்மாவின் காலத்திலோ அந்த மரபில் வந்த பெண்களின் நிலை தலைகீழாயிற்று. 1890களின் தொடக்கத்தில் சென்னையில் சதிராட்டத்திற்கு எதிரான இயக்கம் வலுப்பெற்றது. 1893இல் சீர்திருத்தச் சங்கத்தார் அரசப் பிரதிநிதிக்கும் ஆளுநருக்கும் விண்ணப்பம் அனுப்பி, அத்தகைய நிகழ்ச்சிகளில் கலந்துகொள்ள வேண்டாவெனக் கேட்டனர். அப்பெண்டிர் பலர் சுரண்டலுக்கு ஆளாயினர் என்பது உண்மை. அதை நீக்க முனைந்தோரின் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயின் சுரண்டலோடு சேர்த்து அவர்களுடைய கலையும், அக்கலைக்கு அவர்கள் கொண்டிருந்த உரிமையும் இழிவுக்கு உள்ளாயின. மைசூர்ப் படம் தீட்டப்பெற்ற ஆண்டில், சென்னையில் வீணை தனம்மாள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். 1867இல் பிறந்து 1938இல் மறைந்த அவர், வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் இல்லத்தில் மீட்டிய வீணையைக் கேட்க வித்துவான்களே திரண்டனர். அது உண்மையான இசைச் சபை. அதைத் தீட்ட ஓர் இரவிவர்மா வாய்க்கவில்லை.

இவ்விடத்தில்தான் இரவிவர்மாவின் பணியை இருபுறமும் வைத்து நிறுக்க வேண்டியிருக்கிறது. பாடும் பெண்ணைப் பார்த்து முகம் சுளித்த காலத்தில், கருவியேந்திய பெண்ணை அமைதியும் மதிப்பும் பொருந்த அமர்த்திக் காட்டியவர் அவர். அவருடைய இசைவாணியர் எவரையும் மயக்கும் நோக்கில் நோக்கவில்லை. தம் எண்ணத்தில் தோய்ந்திருக்கின்றனர். அந்த அமைதி அவர் அளித்த கொடை. ஆனால் அதே அமைதி அவர்களைத் தனி மனிதர்களாக இருப்பதிலிருந்து விலக்கி, அழகின் வகைமாதிரிகளாக ஆக்கியது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிப் பரிசுகள் பெற்ற பத்துப் படங்களும் இந்தியப் பெண் வாழ்வைக் காட்டுவனவே. அவற்றுள் பம்பாய்ப் பாடகி உண்டு. மக்களோடு வழியோரத்தில் அமர்ந்து தம்பூர் மீட்டிப் பிழைக்கும் தென்னாட்டு நாடோடிப் பெண்ணும் உண்டு. மைசூர்ச் சபையில் இடம் பெறாத வறுமை அந்த நாடோடிக் குடும்பத்தின் முகங்களில் எழுதப்பட்டுள்ளது. பட்டைத் தீட்டிய கை பசியையும் தீட்ட வல்லது என்பதற்கு அப்படம் சான்று.

அவர் தீட்டிய பெண்களுள் பெயர் எஞ்சியவர் மிகச் சிலர். கோவாவில் தோன்றி இந்துஸ்தானி இசையில் புகழ்பெற்ற அஞ்சனிபாய் மால்பேக்கர், இளமையில் அவருடைய படங்களுக்கு மாதிரியாக அமர்ந்தார் எனக் கூறப்படுகிறது. 1958இல் சங்கீத நாடக அகாதெமியின் உயர் மதிப்பைப் பெற்றவர் அவர். அவருடைய பெயர் நிலைத்தது அவருடைய பாட்டினால், படத்தினால் அன்று.

கல்லச்சும் களிமண் அச்சும்

அரண்மனைகளில் தொங்கும் படங்களைப் பொதுமக்கள் காண்பது எவ்வாறு? மாதவராவ் 1884இலேயே, சிறந்த படங்களை ஐரோப்பாவிற்கு அனுப்பி வண்ண அச்சாக்குமாறு இரவிவர்மாவிற்கு அறிவுரை எழுதினார். பத்தாண்டுகளுக்குப் பின், 1894இல், ஜெர்மானியப் பொறிகளும் தொழில்நுட்பரும் கொண்ட அச்சகம் பம்பாயில் தொடங்கியது. சகுந்தலையின் பிறப்பு முதலில் அச்சான படங்களுள் ஒன்று. ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு கல் எனப் பல கற்களில் உருவைப் பதித்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் ஒற்றி எடுக்கும் கடும்பணி அது. 1896இல் தீட்டிய இலக்குமியும் கலைமகளும் அவ்வழியே நாடெங்கும் பரவினர்.

அந்தப் பரவலின் சமுதாயப் பொருள் பெரிது. கோயிலின் உட்புறம் செல்ல அனுமதி மறுக்கப்பட்ட மக்களும் தெய்வத்தைத் தம் குடிசைச் சுவரிலேயே கண்டு வணங்க முடிந்தது. ஓலைக்கூரையின் கீழும் ஒரு பூசை மாடம் உருவாயிற்று. இரவிவர்மா இதை எந்த அளவு எண்ணிச் செய்தார் என்பது வேறு. செயலின் பயன் செய்தவரின் எண்ணத்தைக் கடந்து சென்றது.

அச்சுத் தொழில் அவருக்குப் பொருள் சேர்க்கவில்லை. பம்பாயைப் பிளேக் நோய் சூறையாடிய ஆண்டுகள் அவை. கடன் மிகுந்தது. அச்சகம் லோணாவ்ளாவை அடுத்த மளவ்லிக்கு மாற்றப்பட்டது. 1901இல் அதைப் பிரிட்ஸ் ஷ்லைசர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பரிடம் விற்றுவிட்டார். அவர் பெயர் தாங்கிய படங்கள் அதன் பின்னரும் பல பத்தாண்டுகள் அச்சாயின. அவற்றில் அவர் கை இல்லை. நிறம் மாறியது, முகம் மாறியது, வணிகப் பொருள்களின் விளம்பரமும் உடன் ஏறியது. 1972இல் அவ்வச்சகம் தீக்கிரையாயிற்று.

விருத்தாசலம் வட்டாரத்துப் பீங்கான் தொழிலாளர் இதன் இயல்பை எளிதில் உணர்வர். மூலப் பொம்மை ஒன்றைக் கொண்டு பாரிஸ் சாந்தில் அச்சு எடுக்கின்றனர். அதில் களிமண் குழம்பை வார்த்துப் பொம்மைகள் எடுக்கின்றனர். அச்சு புதிதாக இருக்கும்போது விரல் நகம்கூடத் தெளிவாக விழும். வார்க்க வார்க்க அச்சு தேயும். மூக்கின் கூர்மை மழுங்கும். வீணையின் நரம்புகள் ஒரே பட்டையாகும். வண்ணம் தீட்டுபவரின் கைதான் பின்னர் அம்முகத்திற்கு உயிர் தர வேண்டும். இரவிவர்மாவின் கலைமகளும் அவ்வாறே அச்சுக்கு அச்சு தேய்ந்து, வண்ணம் தீட்டுபவரின் கைக்கேற்ப மாறி, நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தாள். அவரை அடியொற்றித் தமிழகத்தில் தெய்வப் படங்களைத் தீட்டியவருள் தலைசிறந்தவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு. 1898 முதல் 1976 வரை வாழ்ந்த அவரும் அவர் மாணாக்கரும் தீட்டியவை சிவகாசி அச்சகங்களின் வழியே காலண்டர்களாக ஊர்தோறும் சென்றன.

இறுதி நாள்களும் மதிப்பீடும்

1904இல் ஆங்கில அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்து பதக்கம் வழங்கியது. அந்த ஆவணத்தில்தான் அவர் பெயருக்கு முன் ராஜா என்ற சொல் ஏறி நிலைத்தது. 1905 ஜனவரியில் தம்பி இராஜராஜவர்மா மறைந்தார். அண்ணனின் படங்களுக்குப் பின்புலக் காட்சிகளைத் தீட்டியும், பயணங்களை ஒழுங்கு செய்தும், நாட்குறிப்பு எழுதியும் வாழ்நாள் முழுதும் உடனிருந்தவர் அவர். தாமே தேர்ந்த நிலக்காட்சி ஓவியராக இருந்தும் அண்ணனின் புகழில் கரைந்துபோனார். அந்த இழப்பிலிருந்து இரவிவர்மா மீளவில்லை. நீரிழிவு நோயும் வருத்தியது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

அப்போது சென்னையில் இந்தியா வார இதழை நடத்திக்கொண்டிருந்த பாரதியார், ஓவியர்மணி இரவிவர்மா என்னும் தலைப்பில் இரங்கற்பா இயற்றினார். புதிய தமிழ்க் கவிதையின் முதல்வர், புதிய இந்திய ஓவியத்தின் முன்னோடிக்குச் செய்த அஞ்சலி அது. மறுபுறம், தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி அடுத்த ஆண்டளவிலேயே கடும் கண்டனம் எழுப்பினார். இரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடை மாந்தரைப் போன்றவை, அவற்றில் இந்தியக் கற்பனையின் ஆழம் இல்லை என்பது அவர் கருத்து. வங்கத்து ஓவிய இயக்கமும் அதையே ஒட்டி நின்றது. பல பத்தாண்டுகள் கற்றோர் அவரைப் புறக்கணித்தனர். கல்லாதோர் அவர் படத்திற்குக் குங்குமம் இட்டனர். 1979இல் இந்திய அரசு அவர் படைப்புகளைத் தேசியக் கலைச்செல்வமாக அறிவித்து, நாட்டை விட்டு வெளியே செல்வதைத் தடை செய்தது.

பாரதியின் போற்றுதலும் குமாரசுவாமியின் மறுப்பும் இரண்டுமே முழுமையாக அவரை அளக்கவில்லை. வாழும் பெண்ணிடமிருந்து முகத்தையும் இருப்பையும் விரல்களின் வளைவையும் வாங்கி அவர் தெய்வத்திற்கு அளித்தார். அதனால் தெய்வம் வீட்டிற்குள் வந்தது. எந்தப் பெண்களின் கையிலிருந்து அந்த வீணை வந்ததோ, அவர்கள் அதே வீட்டின் வாயிலில் நிறுத்தப்பட்டனர். கலைமகளுக்கு நவராத்திரியில் மாலை சூட்டிய சமுதாயம், வீணை மீட்டி வாழ்ந்த குலமகளிரைப் பெயரின்றிக் கரைய விட்டது. இப்பிழை ஓவியரைச் சார்ந்தது மட்டுமன்று. படத்தை வாங்கி மாட்டிய அனைவரையும் சார்ந்தது.

ஓவியத்தால் செய்ய இயலாதது ஒன்று சொல்லுக்கு இயலும். திரையில் ஒலியையும் பெயரையும் தீட்ட முடியாது. கவிதை அவ்விரண்டையும் தாங்கும். இராசராசன் கல்லில் வெட்டுவித்த நானூறு பெயர்கள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. மைசூர் அரண்மனையில் பதினொருவர் இன்றும் பெயரின்றி அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் ஒருத்தியின் விரல் வீணையின் நரம்பின் மேல் இருக்கிறது.